மருத்துவர் மறுக்கலாம், அரசு கைவிடலாமா?

2024 அக்டோபர் 6 அன்று விமானப் படையின் 92-ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் நடந்த வான்சாகசத்தைப் பார்க்க லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கூட்டத்திலும் வெயிலிலும் சிக்கி ஐந்து பேர் உயிரிழந்த துயரமும் அன்று நேர்ந்தது. சென்னைக்கும் விமானப் படைக்கும் உள்ள உறவு அந்த ஒரு நாள் வேடிக்கையோடு முடிவதில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் பள்ளி 1954-லிருந்து தாம்பரத்தில்தான் இயங்குகிறது. ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரில் ஒருவரான குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு வீட்டுப் பிள்ளை விமானப் படையில் பைலட் என்றால் தெருவுக்கே அது தெரியும். கல்யாண வீட்டில், கோயில் பிராகாரத்தில், “மாமா, பையன் இப்போ எங்கே போஸ்டிங்?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் மருத்துவ வாரியம் “இனி பறக்க வேண்டாம்” என்று எழுதிவிட்டால், அதே கேள்விக்கு அந்த மாமா பேச்சை மாற்றத் தொடங்குகிறார். பிள்ளை குற்றம் எதுவும் செய்யவில்லை, பதவியும் போகவில்லை. ஆனாலும் வீட்டில் ஏதோ தவறு நடந்துவிட்டது போன்ற மௌனம்.

இந்த மௌனத்துக்கு வெளியே வைத்துப் பேச வேண்டிய விஷயம் இது. ஒரு விமானி பறக்கத் தகுதியுள்ளவரா என்பது மருத்துவர் எடுக்கும் முடிவு. தகுதி இழந்தவரை என்ன செய்வது என்பது அவரை வேலைக்கு வைத்திருக்கும் அரசு எடுக்கும் முடிவு. முதல் முடிவில் தயவு தாட்சண்யம் கூடாது. இரண்டாவதில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டாவதில் கை இறுகினால், முதல் முடிவையே ஏமாற்றும் ஆசை விமானிக்கு வந்துவிடும். ஆகவே இது விமானப் பாதுகாப்பு பற்றிய கேள்வியும்கூட.

ஏ1 முதல் ஏ4 வரை

விமானப் படையில் ஒவ்வொரு விமானிக்கும் இரண்டு மருத்துவத் தரக் குறியீடுகள் உண்டு. பறக்கும் தகுதிக்கு ‘ஏ’, தரைப்பணித் தகுதிக்கு ‘ஜி’. ஏ1ஜி1 என்றால் முழுத் தகுதி. எண் கூடக்கூடக் கட்டுப்பாடும் கூடும்; ஏ4 என்றால் பறக்கவே கூடாது. பெரும்பாலும் முதலில் சில வாரங்களுக்குத் தற்காலிகமாகக் கீழிறக்குவார்கள். சிகிச்சைக்குப் பிறகு மறுபடி பரிசோதனை நடக்கும். படைக்குள் அதை ‘ரீகேட்’ என்பார்கள். தேறினால் பழைய நிலை, தேறாவிட்டால் நிரந்தரக் குறைப்பு. சிக்கலானவை பெங்களூரில் உள்ள விண்வெளி மருத்துவ நிறுவனத்துக்குப் போகும். 1957-இல் விமான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய அந்த நிறுவனம்தான் ககன்யான் வீரர்களின் உடல்தகுதியையும் சோதித்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் கண்டிப்பு மிகையாகத் தோன்றலாம். ஆனால், வானத்தில் உடலுக்கு நேர்வது வேறு. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், போர் விமானம் 9 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு விசையில், திரும்பும்போது கழுத்து தாங்குவது 54 கிலோ. கீழே ஒரு மாத்திரையில் அடங்கிவிடும் முதுகுவலி, அங்கே உணர்விழப்புக்கும் விபத்துக்கும் வழிவிடலாம். சாதாரண ஜலதோஷத்தில் காதுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழல் அடைத்துக்கொண்டால், விமானம் வேகமாக இறங்கும்போது செவிப்பறை கிழியலாம். சிறுநீரகத்தில் கடுகளவு கல் இருந்தாலும் போதும். அது நகரும் நேரம் எதிரி எல்லைக்கு மேலே பறக்கும் நேரமாக இருந்தால், விமானியோடு விமானமும் போகும். அதனால்தான், தி.நகர் டாக்டர் “ஒன்றும் பயமில்லை” என்று அனுப்பிவைக்கும் ஒருவரைப் படை மருத்துவர் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறார். இருவர் சொல்வதும் சரிதான்.

அபிநந்தனும் நச்சிகேதாவும்

2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்திலிருந்து குதித்துப் பாகிஸ்தானிடம் பிடிபட்ட அபிநந்தன் வர்த்தமான், மார்ச் 1 இரவு நாடு திரும்பினார். அவர் குடும்பம் தாம்பரம் பகுதியில் வசித்ததால் சென்னைக்கு அது வீட்டுச் செய்தியாகவே இருந்தது. மூன்று நாள் கழித்துக் கோவையில் செய்தியாளர்களைச் சந்தித்த அன்றைய விமானப் படைத் தளபதி பி.எஸ். தனோவாவிடம், அபிநந்தன் மறுபடி பறப்பாரா என்று கேட்டார்கள். அது அவருடைய உடல்தகுதியைப் பொறுத்தது என்பதே பதிலின் சாரம். நாடே கொண்டாடிய வீரனுக்கும் விலக்கு இல்லை.

வெளியேற்று இருக்கை விமானியை நொடிக்கும் குறைவான நேரத்தில் மேலே எறிகிறது. அந்த உதையில் முதுகெலும்பின் கட்டைகள் நசுங்குவது அடிக்கடி நேரும் காயம். பல மாதச் சிகிச்சைக்கும் பெங்களூர் நிறுவனத்தின் சோதனைகளுக்கும் பிறகே அபிநந்தனுக்கு அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 2 அன்று பதான்கோட்டில் தனோவாவோடு சேர்ந்து மிக்-21 விமானத்தில் பறந்தார். தனோவாவுக்கும் இது புதிதல்ல. 1988-இல் விமானத்திலிருந்து குதித்த அவருக்குப் பறக்கும் தகுதி திரும்ப ஒன்பது மாதம் ஆனது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. 1999 மே 27 அன்று கார்கில் போரில் மிக்-27 விமானத்திலிருந்து குதித்துச் சிறைப்பட்ட நச்சிகேதாவுக்கு முதுகெலும்புக் காயம் நீங்கவில்லை. போர் விமானத்தின் கதவு அவருக்கு மூடியது. ஆனால், படை அவரை மேசைக்குத் தள்ளிவிட்டு மறக்கவில்லை. போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றி, இல்யூஷின்-76 என்ற பெரிய சரக்கு விமானத்தை ஓட்டவைத்தது. 2017 வரை அவர் பணியில் இருந்தார். மருத்துவர் ஒரு கதவை மூடினார், அரசு இன்னொன்றைத் திறந்தது. இரண்டும் தத்தம் வேலையைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

நச்சிகேதாவின் பெயர் நாடறிந்த பெயர். முதுகு வட்டு விலகியோ, இதயத் துடிப்பு பிசகியோ, யாருக்கும் தெரியாமல் நிறுத்தப்படும் ஸ்குவாட்ரன் லீடருக்கும் அதே கதவு அதே வேகத்தில் திறக்கிறதா என்பதே கேள்வி. பறக்கும் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்கப் பறக்கும் தகுதி வேண்டும். அந்த வழி அடைபட்டவருக்கு மேல்பதவிகளும் எட்டாமல் போகின்றன. சக அதிகாரிகள் படியேறும்போது, இவர் கோப்புகளோடு நிற்கிறார்.

மறைக்கத் தூண்டுவது எது?

அமெரிக்காவில் 3,765 விமானிகளிடம் எடுக்கப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் 56 விழுக்காட்டினர் தகுதிச் சான்று பறிபோகும் என்ற அச்சத்தால் ஏதேனும் ஒரு வகையில் மருத்துவத்தைத் தவிர்த்திருந்ததைக் காட்டியது. மருத்துவரிடம் போகாமல் இருப்பது, படிவத்தில் ஒரு வரியை விட்டுவிடுவது, ஊர் பேர் தெரியாத மருத்துவமனையில் தனியாகக் காட்டிக்கொள்வது எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்க விமானியும் நம் விமானியும் இதில் ஒரே மாதிரி மனிதர்கள்தான். வலியைச் சொன்னால் வாழ்க்கை போகும் என்றால், வலியைச் சொல்ல மாட்டார்கள்.

மறைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2015 மார்ச் 24 சாட்சி. ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவர் பணிசெய்யத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் முன்பே எழுதித் தந்த சான்றுகளை நிறுவனத்திடம் மறைத்திருந்தது பிறகு தெரியவந்தது. ஐரோப்பா அதிலிருந்து கற்ற பாடம், சோதனையை மட்டும் கடுமையாக்கினால் போதாது என்பது. விமானி தன் கஷ்டத்தை இன்னொரு விமானியிடம் அச்சமில்லாமல் சொல்லவும், தேறியபின் வேலைக்குத் திரும்பவும் வழிசெய்யும் சக விமானி ஆதரவுத் திட்டத்தை விமான நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் பயணியர் விமானத் துறையிலும் 2023-இல் இதற்கான வழிகாட்டுதல் வந்தது. சீருடை அணிந்த விமானிக்கும் இது அதே அளவு தேவை. படையில் கூச்சம் இன்னும் அதிகம், பதவிப் படிநிலையும் இன்னும் இறுக்கம்.

வழக்கு மன்றத்தில் தொடரும் பணி

தகுதி இழந்தவர் படையைவிட்டு வெளியேறும்போது இன்னொரு வாரியம் உட்காருகிறது. நோய் பணியால் வந்ததா, பணியால் முற்றியதா, ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பவை அதன் கேள்விகள். “பணியோடு தொடர்பில்லை” என்ற ஒரு வரியில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கைநழுவும். அந்த ஒரு வரிக்குக் காரணம் எழுதப்படாமல் போவதுதான் பல ஆண்டுகளாகத் தொடரும் புகார்.

உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் இதற்கு ஒரு நியாயமான அளவுகோலை வகுத்தது. படையில் சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால், அது பணிக்காலத்தில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், ஊன விழுக்காட்டை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விமானியும் சிப்பாயும் சென்னை, டெல்லி, சண்டிகர் எனப் பல ஊர்களில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயங்களின் படியேறிக்கொண்டே இருக்கிறார்கள். தீர்ப்பாயம் சாதகமாகச் சொன்னாலும் கதை முடிவதில்லை. அரசு மேலே போகிறது. இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிடும்படி, பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த வல்லுநர் குழு 2015-லேயே பரிந்துரைத்தது. தீர்ப்பாய ஆணைகளை உயர் நீதிமன்றங்களில் எதிர்க்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய பிறகு அரசின் மனுக்கள் அங்கும் குவிந்தன. 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை ஒரே அடியாகத் தள்ளுபடி செய்தது.

அரசுத் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஓய்வு பெறும் படை அதிகாரிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுவதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023-இல் சுட்டிக்காட்டினார். அதில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்ற வாழ்க்கைமுறை நோய்களின் பங்கு பெரிது. நாற்காலியில் உட்கார்ந்து வந்த நோய்க்கும் போர்க்களத்தில் வந்த காயத்துக்கும் ஒரே கணக்கா என்று வரி கட்டுபவர் கேட்பது தவறல்ல. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய விதிகள் இந்த வாசலை இறுக்கின.

ஆனால், சலுகையைத் தவறாகப் பயன்படுத்துபவர்களைப் பிடிக்க வீசும் வலையில் யார் சிக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். விமானியின் கழுத்து வலியும் தூக்கமின்மையும் இரத்த அழுத்தமும் பணியோடு பின்னிப் பிணைந்தவை. இருபது ஆண்டுகள் 7 ஜி, 8 ஜி விசைகளில் திரும்பிய முதுகெலும்பைப் பார்த்து ‘வயதால் வந்த தேய்மானம்’ என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாது. எழுதினால் காரணமும் சொல்ல வேண்டும். போலிக் கோரிக்கையைத் தடுக்கும் வழியும் அதுதான்: விரிவான, காரணம் சொல்லும் மருத்துவ அறிக்கை உண்மையானவருக்கு ஓய்வூதியம் தரும், போலியை வெளியேற்றும். காரணமில்லாத ஒற்றை வரி இருவரையும் ஒரே நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது.

கணக்கிலேயே வராதவர்கள்

இன்னும் மோசமான நிலையில் இருப்பவர்கள் பயிற்சிக் காலத்திலேயே முடங்கியவர்கள். கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்புக் கழகமோ நம் பறங்கிமலையின் அதிகாரிகள் பயிற்சிக் கழகமோ, அங்கே காயமுற்று வெளியேறும் பயிற்சி வீரர்கள் அதிகாரிகளாகப் பதவி ஏற்றிருக்க மாட்டார்கள். ஆகவே ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியும் கிடையாது. ஓய்வூதியம் இல்லாமல், மாதம் 40,000 ரூபாய் வரையிலான கருணைத் தொகை மட்டுமே கிடைத்துவந்தது. 1985-லிருந்து ஏறத்தாழ 500 பேர் இப்படி வெளியேற்றப்பட்ட செய்தி வந்தபின், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் ஆர். மகாதேவனும் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, அந்த மாத இறுதியிலேயே முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. நாற்பது ஆண்டு அசையாத கோப்பு சில நாட்களில் அசைந்தது என்றால், அதுவரை பணமோ சட்டமோ தடையாக இருக்கவில்லை என்றுதான் பொருள்.

குறுகிய காலப் பணியில் சேர்ந்த விமானிகளின் நிலையும் அதிகம் பேசப்படுவதில்லை. அவர்களுக்குப் பணிக்காலம் 14 ஆண்டுகள். முடிவில் வழக்கமான ஓய்வூதியம் கிடையாது. அவர்கள் நம்பியிருப்பது, வெளியே வந்தபின் பயணியர் விமானத்தில் கிடைக்கும் வேலையை. பத்தாவது ஆண்டில் பறக்கும் தகுதி போனால் அந்த நம்பிக்கையும் சேர்ந்து போகிறது, ஏனென்றால் பயணியர் விமானிக்கும் முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். படையில் போன கதவு வெளியிலும் மூடியே இருக்கும்.

ஸ்லேட்டனுக்குக் கிடைத்த நாற்காலி

பறப்பதை இழந்தவர் அனுபவத்தை இழப்பதில்லை. இதை நன்றாகப் புரிந்துகொண்ட அமைப்பு நாசா. முதல் ஏழு அமெரிக்க விண்வெளி வீரர்களில் ஒருவரான டீக் ஸ்லேட்டன், அமெரிக்க விமானப் படை விமானி. 1962-இல் இதயத் துடிப்புக் கோளாறால் தரையில் நிறுத்தப்பட்டார். நாசா அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. விண்வெளி வீரர்களை நிர்வகிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. நிலவுக்குப் போன குழுக்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர் கை இருந்தது. 1972-இல் தகுதி திரும்பியது. 1975 ஜூலையில், 51 வயதில் விண்வெளிக்குப் போனார். உள்காது நோயால் 1963-இல் நிறுத்தப்பட்ட கடற்படை விமானி ஆலன் ஷெப்பர்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1971-இல் அப்பல்லோ 14-இல் போய் நிலவில் நடந்தார். இருவருக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் காத்திருப்பாக வீணாகவில்லை.

தமிழ் வாசகருக்கு ‘உண்மை மனிதனின் கதை’ நினைவுக்கு வரும். இரு கால்களையும் இழந்த பின்னும் போர் விமானம் ஓட்டிய சோவியத் விமானி அலெக்ஸி மரேஸ்யெவின் வாழ்க்கையை வைத்து பரீஸ் பொலெவோய் எழுதிய அந்நூல் மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்து பல வீடுகளின் அலமாரிகளில் இருந்தது. பிரிட்டனின் டக்ளஸ் பேடருக்கும் அதே கதை. இவை நெஞ்சை நிமிர்த்தும் கதைகள்தான், விதிகளுக்கு ஆதாரமாகா. ஒவ்வொரு விமானியும் மரேஸ்யெவ் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாடு, தன் கடமையை அவர்களின் மன உறுதியின் மேல் சுமத்துகிறது.

நம் பக்கத்திலேயே எம்.பி. அனில் குமார் இருந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த சிறயின்கீழைச் சேர்ந்த மிக்-21 விமானி. 1988 ஜூன் 28 இரவு பதான்கோட்டில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனபோது வயது 24. புனே கடக்கியில் உள்ள படைவீரர் மறுவாழ்வு மையத்தில் 2014-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். வாயில் பேனாவைக் கவ்வி எழுதக் கற்றார்; தன் கதையைச் சொல்லி அவர் எழுதிய கட்டுரை மகாராஷ்டிர, கேரளப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றது. அவருடைய மன உறுதியை எல்லாரும் பேசுகிறோம். கால் நூற்றாண்டு அவரைத் தாங்கிய அந்த மறுவாழ்வு மையம் இல்லாமல் அந்த உறுதி எழுத்தாக மாறியிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தரையில் நிறுத்தப்பட்ட விமானிகளுக்குச் சென்னையால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் விமானப் பொறியியல் துறையும் அங்கு வளரும் பறக்கும் டாக்சி முயற்சியும் உள்ளன. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ட்ரோன் ஆய்வு நாடறிந்தது. தமிழ்நாடு அரசே ஆளில்லா விமானக் கழகம் ஒன்றை வைத்திருக்கிறது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சியை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் பெருவழியும் உருவாகிவருகிறது. இவை எல்லாவற்றுக்கும் வானத்தைத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆயிரம் மணி நேரம் விமானம் ஓட்டியவர், எந்தத் திரையில் எந்த எண் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பொறியாளருக்குச் சொல்லித் தருவார். அதற்கு ஏ1 தகுதி தேவையில்லை.

செய்ய வேண்டியவை

நோயைத் தானாக முன்வந்து சொல்லும் விமானிக்கு, சிகிச்சைக் காலம் முழுவதும் பறப்புப் படியும் பணிமூப்பும் குறையாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். மறைத்து மாட்டிக்கொண்டவருக்கும் தானே சொன்னவருக்கும் விதியில் வேறுபாடு தெரிய வேண்டும். சக விமானி ஆதரவுத் திட்டம் ஒவ்வொரு படைப்பிரிவிலும், அதிகாரப் படிநிலைக்கு வெளியே இயங்க வேண்டும்.

மருத்துவ வாரியத்தின் முழு அறிக்கை, காரணங்களோடு, அன்றே விமானியின் கையில் கிடைக்க வேண்டும். படைக்கு வெளியே இருக்கும் வல்லுநரின் இரண்டாவது கருத்தைக் கேட்கும் உரிமையும் வேண்டும். உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த கேள்விகளில் அரசு மறுபடி வழக்காடுவது நிற்க வேண்டும். நிரந்தரமாக நிறுத்தப்பட்டவருக்கு ஆறு மாதத்துக்குள் மாற்றுப் பணியோ, மறுபயிற்சியோ எழுத்தில் வழங்கப்பட வேண்டும். குறுகிய காலப் பணி விமானிகளுக்கு, தகுதி இழப்புக்கான காப்பீட்டை அரசே எடுத்துத் தர வேண்டும். ஒரு போர் விமானியை உருவாக்கச் செலவாகும் கோடிகளுக்கு முன் அதன் பிரீமியம் பொருட்டே அல்ல.

இதில் எதுவும் மருத்துவரின் கையைக் கட்டவில்லை. மாறாக, அவருக்கு உண்மையான நோயாளி கிடைப்பார். சொன்னால் சோறு போகாது என்று தெரிந்த விமானிதான் முதல் வலியிலேயே மருத்துவரிடம் போவார். முதல் வலியில் போனவர்தான் பெரும்பாலும் மறுபடி பறப்பார். பறக்க முடியாமல் போனவருக்கு நாம் காட்டும் நேர்மை, பறந்துகொண்டிருப்பவரின் பாதுகாப்பில்தான் திரும்பி வரும்.